ஜெபத்தில் சொன்னதற்கு அடி கிடையாது

எங்கள் வீட்டில் சாயங்காலம் ஏழு மணிக்குக் குடும்ப ஜெபம். தீப்பிடித்தாலும் ஏழு மணிதான். ஒருமுறை பின்சந்தில் ஒரு விறகுக் கடை உண்மையிலேயே தீப்பிடித்தது. அப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்து, காற்று நம் பக்கம் அடிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, பாயை விரிக்கச் சொன்னார்.

அது ஐம்பதுகளின் நடுவில், சிங்கப்பூரில். ஃபேரர் பார்க் மைதானத்துக்குக் கொஞ்ச தூரத்தில், சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில், கடைவீட்டு மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பா துறைமுகக் கிடங்கில் குமாஸ்தா. சபையில் மூப்பர். இரண்டு வேலைகளிலும் அவர் வெள்ளைச் சட்டையும் ஒரே முகமும் வைத்திருந்தார். அக்காவுக்குப் பன்னிரண்டு வயது, எனக்கு எட்டு. எனக்குக் கீழே இரண்டு தம்பிகள். ஐந்தாவது அம்மாவின் வயிற்றில் இருந்தது.

கீழ்த்தளத்தில் மிளகாயும் மல்லியும் அரைக்கும் மில். ஆறரை மணிக்கு மெஷினை நிறுத்துவார்கள். நெடி எட்டு மணி வரை மாடியில் நிற்கும். நாங்கள் முழங்கால்படியிட்டுக் கண்ணை மூடியதும் கண்ணீர் வழிய ஆரம்பித்துவிடும். வீட்டுக்கு வருகிற சபையார் இதைப் பார்த்துவிட்டு, இந்தச் சின்ன வயதில் பிள்ளைகளுக்கு எத்தனை உருக்கம் என்று அப்பாவிடம் சொல்லிப் போவார்கள். அப்பா மறுத்ததில்லை. மில்காரர் முருக பக்தர். தைப்பூசத்தன்று கடையை அடைத்துவிட்டு டாங்க் ரோடு கோயிலுக்குப் போய்விடுவார். வருஷத்தில் அந்த ஒருநாள் மட்டும் எங்கள் ஜெபம் வறண்டுபோய் இருக்கும்.

ஜெபத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ஒரு பாட்டு, பிறகு வேத வாசிப்பு, பிறகு சின்னதிலிருந்து பெரியது வரை ஒவ்வொருவராகச் சத்தமாக ஜெபிக்க வேண்டும். மூன்று வயதுத் தம்பி அன்றைக்குத் தின்றதையெல்லாம் சொல்லி நன்றி செலுத்துவான். பெரிய தம்பி மனப்பாடம் செய்த ஒன்றை மூச்சு விடாமல் ஒப்பிப்பான். அடுத்து நான். அடுத்து அக்கா. அவள் ஜெபம் தினமும் ஒரே வாக்கியம்: எல்லாரையும் காப்பாத்துங்க, ஆமென். அதற்குப் பிறகு அம்மா. கடைசியில் அப்பா.

அப்பாவின் ஜெபம் நீளமானது. ஆனால் அதில் நாங்கள் எல்லோரும் பெயர் சொல்லி வருவோம். என் காலில் இருந்த கட்டி, பெரிய தம்பிக்கு வராத வாய்ப்பாடு, அம்மாவின் கடைவாய்ப் பல், எல்லாம் வரும். பகலில் அப்பா எங்களிடம் பேசுவது குளித்தாயா, படித்தாயா என்ற இரண்டு கேள்விகள்தான். என் கட்டி அவருக்குத் தெரியும் என்பதே எனக்கு ஜெபத்தில்தான் தெரிந்தது.

ஜெபத்தில் சொன்னதற்கு அடி கிடையாது என்ற சட்டம் பெரிய தம்பியால் வந்தது. அவன் சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியைப் பந்தால் உடைத்துவிட்டு, பூனைமேல் பழியைப் போட்டிருந்தான். இரண்டு நாள் கழித்து, ஒப்பிப்பதற்கு நடுவில், கடிகாரத்தை உடைத்தது பூனை இல்லை ஆண்டவரே, நான்தான் என்று சொல்லிவிட்டான். அப்பா எழுந்திருக்கிற சத்தம் கேட்டது. அம்மா கண்ணைத் திறக்காமலே, ஜெபம் நடக்குது என்றாள். அப்பா மறுபடி முழங்கால்படியிட்டார். ஆமென் சொன்ன பிறகு பிரம்பைத் தேடினார். அவன் சொன்னது ஆண்டவரிடம், உங்களிடம் இல்லை என்று அம்மா சொன்னாள். அப்பா சட்டத்துக்குக் கட்டுப்பட்ட மனிதர். ஒருநாள் முழுக்க யோசித்துவிட்டு, மறுநாள் தீர்ப்புச் சொன்னார். ஜெபத்தில் ஆண்டவரிடம் பேசியதைப் பற்றி மனுஷர் பிற்பாடு கேட்கவும் கூடாது, பேசவும் கூடாது, அடிக்கவும் கூடாது.

அதன் பிறகு எங்கள் வீட்டில் பாவ அறிக்கை பெருகியது. நான் பள்ளியில் பென்சில் தொலைத்தது, கச்சான் கடலை வாங்கக் காசு எடுத்தது, பக்கத்து வீட்டுச் சீன அக்கா கொடுத்த பன்றி இறைச்சி வைத்து அவித்த பாவ் ரொட்டியைத் தின்றது, எல்லாவற்றையும் ஏழே கால் மணி வாக்கில் சொல்லிவிடுவேன். அப்பாவின் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்கும். அதோடு சரி.

அம்மாவும் சட்டத்தைப் பயன்படுத்திக்கொண்டாள். அவள் ஆண்டவரையும் நீங்க என்பாள், அப்பாவையும் நீங்க என்பாள். அதனால் அவள் ஜெபத்தில் எந்த இடம் யாருக்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். ஊரெல்லாம் ஓடி ஓடி ஊழியம் செய்றீங்க, இந்த வீட்டுக் கூரை ஒழுகுறதையும் கொஞ்சம் பாருங்க என்று ஒருநாள் வேண்டிக்கொண்டாள். அந்தச் சனிக்கிழமை அப்பா ஏணி கொண்டுவந்தார்.

அந்த வருஷம் அக்கா ஆறாம் வகுப்புப் பரீட்சையில் தேறியிருந்தாள். ஜனவரியில் செகண்டரிப் பள்ளி. நீல நிறச் சீருடை. அம்மா சிராங்கூன் ரோட்டில் துணி எடுத்து வந்து தையல் மெஷின்மேல் வைத்திருந்தாள். அக்கா போகும்போதும் வரும்போதும் அதை ஒரு விரலால் தொட்டுப் பார்ப்பாள்.

நவம்பர் கடைசியில் ஒருநாள், என் கட்டியையும் வாய்ப்பாட்டையும் முடித்த பிறகு, அப்பா ஆமென் சொல்லவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் மூத்த மகளை இந்த வருஷத்தோடு பள்ளியிலிருந்து நிறுத்தி, பிள்ளைப்பேற்றுக்கு நாள் நெருங்கும் அவள் தாய்க்கு உதவியாக வீட்டில் வைப்பது உமது சித்தம் என்று அறிந்து, அதற்குக் கீழ்ப்படிகிறோம் என்றார். பிறகு ஆமென்.

அப்பாவைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு ரத்தம் போதாது, படுத்து ஓய்வெடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். படியேறி வந்தால் அவளுக்கு உதடு வெளுத்துவிடும். வீட்டில் இன்னொரு ஜோடிக் கை தேவைப்பட்டது. பன்னிரண்டு வயதில் ஒரு ஜோடி இருந்தது. கணக்கு அவருக்குச் சரியாகத்தான் வந்தது. ஆனால் அதை அவர் சாப்பிடும்போது சொல்லியிருக்கலாம், அம்மா பதில் பேசியிருப்பாள். ஜெபத்தில் சொன்னார். அவர் போட்ட சட்டத்தையே அவர் நன்றாகப் பயன்படுத்தத் தெரிந்தவராக இருந்தார்.

அம்மா எழுந்து சோறு போட்டாள். மறுநாள் அவள் முறை வந்தபோது பதில் சொன்னாள்.

"சித்தம் யாரோடதுன்னு எங்களுக்குத் தெளிவா காட்டுங்க."

கடைசி வார்த்தை எப்போதும் அப்பாவுக்கு. அதனால் அம்மா பதில் சொல்ல அடுத்த நாள்வரை காத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஒரு பேச்சு என்று மூன்று வாரம் நடந்தது. அப்பா, பெண் பிள்ளைக்குக் கீழ்ப்படிதலைப் போதித்தருளும் என்பார். மறுநாள் அம்மா, வாடகை வீட்டுக்காரர் அனுப்புற இங்கிலீஷ் கடுதாசியை எனக்குப் படிச்சுச் சொல்ல ஒரு மகளைக் கொடுத்ததுக்கு நன்றி என்பாள். அப்பா, பலவீனமான தாயை நினைத்தருளும் என்பார். மறுநாள் அம்மா, என் உடம்பைச் சாக்கா வைக்க வேணாம், நான் நல்லாத்தான் இருக்கேன் என்பாள். சொல்லிவிட்டு எழுந்திருக்கச் சுவரைப் பிடிப்பாள். இருபது நிமிஷ ஜெபம் ஒரு மணி நேரமானது. சின்னத் தம்பி முழங்காலில் நின்றபடியே தூங்கக் கற்றுக்கொண்டான். என் முட்டியில் பாயின் கோடுகள் பதிந்து, பள்ளிக்கூட விடுமுறை முழுக்க அழியவில்லை.

ஒருநாள் அம்மா வழக்கமான குரலில்தான் ஆரம்பித்தாள். தம்பிகளுக்காக வேண்டினாள். பிறகு சொன்னாள்.

"என்னை மூணாம் வகுப்போட நிறுத்தினாங்க. அதை இதுவரைக்கும் உங்ககிட்ட ஒரு குறையா சொன்னதில்ல. இப்ப சொல்றேன்."

அன்றைக்கு அப்பாவின் ஜெபம் சுருக்கமாக இருந்தது. ஆனால் சித்தம் மாறவில்லை. மெஷின்மேல் துணி மடித்தபடியே இருந்தது.

எனக்கு அக்காமேல்தான் கோபம். இத்தனைக்கும் நடுவில் அவள் தினமும் எல்லாரையும் காப்பாத்துங்க ஆமென் என்று முடித்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறந்து கேட்டால் என்ன என்று பைப்படியில் பாத்திரம் கழுவும்போது கேட்டேன். அவள் கையிலிருந்த தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"நான் கேட்டு, அப்பா வேணாம்னு சொல்லிட்டாருன்னு வை. அப்புறம் அது ஆண்டவரே வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிடும்டீ. கேக்காம இருந்தா, அவர் இன்னும் ஒண்ணும் சொல்லல."

எனக்கு அது புரிந்தது. புரிந்ததுதான் தொல்லையாகிவிட்டது. இவள் கேட்கப் போவதில்லை, அம்மா கேட்டும் பலன் இல்லை, தம்பிகளால் ஒரு பிரயோஜனமும் கிடையாது. மிச்சம் இருந்தது நான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் எங்கள் வீட்டில் சபையின் ஜெபக் கூட்டம். வருஷத்தில் ஒருமுறை எங்கள் முறை வரும். இருபது பேருக்கு மேல் வந்தார்கள். மரப்படி முழுக்கச் செருப்பு. போதகர் ஐயாவுக்கு ஒரே ஒரு நாற்காலி. மற்றவர்கள் பாயில். ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த ஒரு ஆன்ட்டி டியூட்டி முடிந்து வெள்ளை உடுப்போடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவித்த கடலையும் கிழங்கு வைத்துப் பொரித்த கறிபாப்பும் உள் அறையில் தயாராக இருந்தன. பெரிய தம்பி அந்தத் திசையிலேயே பார்த்துக்கொண்டிருந்தான்.

பாடினோம். போதகர் ஐயா பேசினார். பிறகு எல்லோரும் முழங்கால்படியிட்டோம். கீழே அன்று பண்டிகைக்காக இரண்டு மடங்கு மிளகாய் அரைத்திருந்தார்கள். சபை முழுக்கக் கண்ணீர் விட்டது. போதகர் ஐயா மூக்கைத் துடைத்துக்கொண்டு, இந்த வீட்டுப் பிள்ளைகளில் ஒருவர் முதலில் ஜெபிக்கட்டும் என்றார். அப்பா தலையை அசைத்தது பெரிய தம்பியைப் பார்த்து. அவனுக்குத்தான் மனப்பாடம் இருந்தது. நான் முந்திக்கொண்டேன்.

நான் திட்டமிட்டுச் செய்தேன் என்று பிற்பாடு சபையில் பேசிக்கொண்டார்கள். திட்டமெல்லாம் இல்லை. ஜெபத்தில் சொன்னதற்கு அடி கிடையாது என்பது ஊர் உலகத்துக்கெல்லாம் உள்ள சட்டம் என்றே நினைத்திருந்தேன். எல்லா வீட்டிலும் இப்படித்தான் ஜெபிக்கிறார்கள் என்று நினைத்தேன். இருபது பேர் கேட்டால் ஆண்டவருக்கு இன்னும் நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான்.

"ஆண்டவரே, அக்காவை ஸ்கூலை விட்டு நிறுத்துறது உங்க சித்தம்னு அப்பா சொல்றாரு. இல்லைன்னு அம்மா சொல்றாங்க. மூணு வாரமா இதையேதான் பேசுறாங்க. அக்காவுக்குப் படிக்கணும். ஆனா நீங்க வேணாம்னு சொல்லிடுவீங்கன்னு பயந்து கேக்க மாட்டேங்கிறா. யாரோட சித்தம்னு சீக்கிரம் சொல்லுங்க, துணி அப்படியே கிடக்கு. எனக்கு முட்டி வலிக்குது. ஆமென்."

வழக்கமாக ஒரு ஜெபம் முடிந்தால் எல்லோரும் ஆமென் சொல்வார்கள். யாரும் சொல்லவில்லை. நான் ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். போதகர் ஐயா இறுக்கமாகக் கண்ணை மூடியிருந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்திருந்தாள். அக்கா கழுத்துவரை சிவந்திருந்தாள். அப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. மறுபடி கண்ணை மூடிக்கொண்டேன்.

அடுத்து யாராவது ஜெபிக்க வேண்டும். நர்ஸ் ஆன்ட்டி ஆரம்பித்தார். இந்தக் குடும்பத்துக்காக ஸ்தோத்திரம் என்றார். தன்னைப் படிக்க வைத்த தன் தகப்பனுக்காக ஸ்தோத்திரம் என்றார். அவர் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவுகிறவர் என்றும், ஊரார் சிரித்தபோதும் மகளை நிறுத்தவில்லை என்றும் ஆண்டவருக்கு நினைவுபடுத்தினார். பிறகு, கர்ப்பிணிக்குத் துணி துவைத்துக் கொடுக்கச் சபையில் பெண்கள் இருக்கிறோம் ஆண்டவரே, செவ்வாய்க்கிழமை நான் வருகிறேன் என்று முடித்தார். உடனே மூலையிலிருந்து இன்னொரு குரல், எனக்கு வியாழன் லா, என்று ஆண்டவரிடம் பதிவு செய்துகொண்டது. அதற்குப் பின் வரிசையாக நடந்தது. கூட்டம் முடிவதற்குள் எங்கள் வீட்டு வாரம் ஞாயிறு தவிர முழுக்க நிரம்பிவிட்டது.

கடைசி ஜெபம் வீட்டுத் தலைவருடையது. கீழே யாரோ கதவை இழுத்துச் சாத்துகிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் ஆனது. பிறகு அப்பா, ஆமென் என்றார். அது மட்டும்தான்.

அவர்கள் கறிபாப் தின்று படியிறங்கிய பிறகு, நான் போய்ப் பிரம்பு மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே நின்றேன். எப்படியும் விழப்போகிறது, தேட வைக்க வேண்டாம் என்று தோன்றியது. அப்பா என்னைப் பார்த்தார். பிரம்பைப் பார்த்தார். சட்டம் அவருடையது. விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் தையல் மெஷின் சத்தத்தில்தான் விழித்தேன். அம்மா நீலத் துணியைக் கூடம் முழுக்க விரித்து வெட்டியிருந்தாள். அப்பா வேலைக்குக் கிளம்பி வந்து, துணியை மிதிக்காமல் ஓரமாகத் தாண்டிப் போனார். படிக்கட்டில் நின்று திரும்பி, நடக்கிற இடத்தில் விரிக்காதே என்றார். அனுமதி என்று எங்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. மானத்தை வாங்கிவிட்டேனாம். எட்டாவது நாள் என் புத்தகங்களுக்கெல்லாம் பழுப்புத்தாள் அட்டை போட்டு, மூலை மடிந்து போகாமல் அழகாக அடுக்கி வைத்திருந்தாள். ஜனவரியில் செகண்டரிக்குப் போனாள். பிப்ரவரியில் தங்கை பிறந்தாள். சபைப் பெண்கள் ஆண்டவரிடம் சொன்ன கிழமைகளில் தவறாமல் வந்தார்கள். துணி துவைத்ததைவிட எங்கள் வீட்டைச் சுற்றிப் பார்த்ததுதான் அதிகம்.

நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். கொஞ்ச நாள் கழித்துத்தான் கவனித்தேன். அப்பாவின் ஜெபம் அரை நிமிஷமாகியிருந்தது. இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும், தேவைகளைச் சந்தியும், ஆமென். எங்கள் பெயர்கள் இல்லை. எனக்குச் சின்னம்மை போட்டு எழுந்த வாரம்கூட, தேவைகளைச் சந்தியும் என்பதற்குள்தான் நான் இருந்தேன். அவரைப் பார்த்து நாங்களும் சுருக்கிக்கொண்டோம். நான் எதையும் ஒத்துக்கொள்வதை நிறுத்தினேன். அம்மா கூரை ஒழுகுவதைச் சாப்பாட்டு வேளையில் சொல்ல ஆரம்பித்தாள். அப்பாவும் உம் என்பார். வீடு ஒழுங்காகத்தான் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு என் பெயரைச் சொல்லும் அந்தக் குரலைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு வருத்தமாக இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு இருந்த இடமும் போய்விட்டது.

அறுபதுகளின் நடுவில் குவீன்ஸ்டவுனில் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோனோம். ஏழாம் மாடி. மில் இல்லை, நெடி இல்லை, காற்று நன்றாக வந்தது. அதே பாய், அதே ஏழு மணி. எனக்குப் பதினெட்டு வயதாகப் போகிற சமயம். அக்கா ஆசிரியர் பயிற்சி முடித்து, ஒரு ஜனவரியில் வேலையில் சேர்ந்தாள். முதல் நாள் முடிந்து சாயங்காலம் வந்தபோது அவள் கையிலும் புடவையிலும் சாக்பீஸ் தூள். ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், அதில் ஒருத்தி நாள் முழுக்க அழுதாள் என்று சொன்னாள். அப்பா செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அன்றைக்கும் சின்னதிலிருந்து பெரியது வரை ஜெபித்து முடித்தோம். அப்பா, இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும் என்றார். தேவைகளைச் சந்தியும் என்றார். நான் ஆமெனுக்கு வாயைத் திறந்து வைத்திருந்தேன். அது வரவில்லை. பல வருஷத்துக்குப் பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொள்ளும் சத்தம் கேட்டது. அக்காவின் பெயரைச் சொன்னார். பிறகு என் பெயரைச் சொன்னார்.

"அந்த வருஷம் உம்முடைய சித்தம் என்று நான் சொன்னது, என்னுடைய சித்தம். பிள்ளை அதை வெளிச்சத்தில் கேட்டபோது எனக்கு வெட்கமும் கோபமும்தான் வந்தது, ஆண்டவரே. இத்தனை வருஷம் அவளிடம் அதைச் சொல்லவில்லை. மன்னியும்."

ஆமென் என்றார். நாங்களும் சொன்னோம். பிறகு எல்லோரும் எழுந்தோம். பெரிய தம்பி பாயைச் சுருட்டினான். சட்டப்படி அதைப் பற்றி யாரும் பேசக் கூடாது. பேசவில்லை. அக்கா கையிலிருந்த சாக்பீஸ் தூளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தங்கைக்கு மட்டும் அந்தச் சட்டம் தெரியாது. எல்லாம் முடிந்தபோது அவள் கைக்குழந்தை. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள்.

"ஏன்ப்பா அழறீங்க? ஏன் எல்லாரும் அழறீங்க?"

அம்மா சோற்றுப் பானையைத் தூக்கிக்கொண்டு சமையலறையிலிருந்து வந்தாள்.

"கீழ்வீட்டுல மிளகாய் வறுக்குறாங்க," என்றாள்.

அப்பா ஆமாம் என்றார், நெடி அதிகம் என்றார். நான் போய் ஜன்னலைச் சாத்தினேன்.